ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையும் மூலிகைத் துணைமருந்துகளும்: சேர்த்து எடுப்பதற்கு முன் ஒரு முழுமையான வழிகாட்டி

1920களில் வட அமெரிக்கச் சமவெளிகளில் மாடுகள் விந்தையாகச் செத்துக்கொண்டிருந்தன. கொம்பை அறுத்தால் ரத்தம் நிற்கவில்லை. சின்னக் காயத்துக்கே உயிர் போயிற்று. ஈரத்தில் பூஞ்சை பிடித்த இனிப்பு குளோவர் என்ற தீவனப்பயிரை அவை தின்றிருந்தன. 1933இல் ஒரு விவசாயி செத்த கன்றோடு, உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்து நின்றார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் குழு சில ஆண்டுகள் உழைத்து அந்தத் தீவனத்தில் இருந்த நச்சைப் பிரித்தெடுத்தது. அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகப் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகவும், 1954இல் மனிதர்களுக்கான மருந்தாகவும் புழக்கத்துக்கு வந்தது.

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான். நீங்கள் விழுங்கும் மாத்திரையின் பூர்வீகமே ஒரு வைக்கோல் கட்டு. செடிக்கும் மருந்துக்கும் நடுவே உங்கள் கல்லீரல் எந்த வேலியும் போட்டு வைக்கவில்லை.

அதற்காக எல்லா மூலிகையையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. பெரும்பாலான விபத்துகளில் சிக்கலை உண்டாக்குவது ஒரு மாற்றம். யாருக்கும் தெரியாமல் ஒன்றைத் தொடங்குகிறோம், நிறுத்துகிறோம், அளவைக் கூட்டுகிறோம். ரத்தம் உறையும் தன்மையைக் கண்காணிக்கும் மருத்துவருக்கு அது தெரியாமலே போகிறது. கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த மறைவை நீக்குவதற்கானவை.

1. மாத்திரையின் பெயரைப் பாருங்கள்

"ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைக்கிறோம். எதுவும் ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. அது உறைவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். எந்த இடத்தில் கைவைத்துத் தாமதப்படுத்துகிறது என்பதைப் பொறுத்து மாத்திரைகள் மூன்று குடும்பங்களாகப் பிரிகின்றன.

வார்ஃபரினும் அசெனோகூமராலும் முதல் குடும்பம். உடல் வைட்டமின் கே-யை மறுபடி மறுபடி பயன்படுத்திக்கொள்ளும் வழியை இவை அடைக்கின்றன. அதனால் கல்லீரல் உருவாக்கும் 2, 7, 9, 10 ஆகிய உறைவுக் காரணிகள் (ரத்தம் உறைய உதவும் புரதங்கள்) அரைகுறையாகவே வெளிவருகின்றன. இவற்றின் வேலையை ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையால் அளக்கலாம்; எண் கூடக் கூட ரத்தம் உறைய அதிக நேரம் ஆகும். பெரும்பாலோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். சில வகைச் செயற்கை இதய வால்வு உள்ளவர்களுக்கு இலக்கு இதைவிடக் கூடுதல்.

புதிய மாத்திரைகளான டாபிகாட்ரான், ரிவரோக்சாபன், அபிக்சாபன், எடோக்சாபன் ஆகியவை இரண்டாவது குடும்பம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு காரணியை நேரடியாகத் தடுக்கிறது: டாபிகாட்ரான் திராம்பினை, மற்றவை பத்தாம் காரணியை. அளவு நிலையானது, வழக்கமான ரத்தப் பரிசோதனை தேவையில்லை.

மூன்றாவது குடும்பம் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், டிக்காகிரலோர் போன்றவை. இவை, காயத்தை அடைக்க ரத்தத்தில் ஓடும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கின்றன.

இங்கே ஒரு தவறான நிம்மதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் குடும்பத்து மாத்திரை எடுப்பவர்கள், "எனக்குப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் மூலிகைக் கவலையும் இல்லை" என்று எண்ணிக்கொள்கிறார்கள். எனக்கு இது தலைகீழான கணக்காகத் தோன்றுகிறது. வார்ஃபரின் எடுப்பவருக்கு ஏதாவது பிசகினால் ஐ.என்.ஆர். என்ற மணி அடிக்கும். புதிய மாத்திரை எடுப்பவருக்கு அந்த மணியே இல்லை. ரத்தம் கசியும்போதோ, கட்டி அடைக்கும்போதோதான் தெரியவரும்.

இரண்டு குடும்பத்து மாத்திரைகளைச் சேர்த்து எடுப்பவர்களுக்கு (உதாரணமாக, அபிக்சாபனுடன் குளோபிடோக்ரல்) ரத்தக்கசிவு வாய்ப்பு ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறது. அவர்கள் இந்த வழிகாட்டியில் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஒரு துணைமருந்தை எடுக்கலாம் என்ற பொருள் வரும் இடங்களை எல்லாம் "வேண்டாம்" என்றே படித்துக்கொள்வது நல்லது.

2. வீட்டில் உள்ள அனைத்தையும் மேசைமேல் பரப்புங்கள்

நினைவிலிருந்து பட்டியல் எழுதாதீர்கள், விட்டுப்போகும். காப்ஸ்யூல், பொடி, மூலிகைத் தேநீர், சாராயத்தில் ஊறவைத்த சாறு, லேகியம், பச்சைப்புல் பொடி, புரதப்பொடி, பல்வகை வைட்டமின் மாத்திரை, மூட்டு வலிக்கான கலவை, தூக்கத்துக்கான சொட்டு மருந்து எல்லாம் மேசைக்கு வரட்டும்.

வலிநிவாரணத் தைலத்தை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. சேருங்கள். பல தைலங்களில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. வின்டர்கிரீன் எண்ணெய் என்று போட்டிருந்தாலும் அதேதான். இது ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருள். தோல் வழியாக உள்ளே போய், வார்ஃபரின் எடுப்பவர்களின் ஐ.என்.ஆரை உயர்த்திய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. எப்போதாவது ஒரு சிட்டிகை தடவுவதை விட்டுவிடலாம். முதுகு முழுக்கத் தினமும் தேய்ப்பது வேறு கணக்கு.

இப்போது சமையலில் பழக்கமான அளவில் சேருபவற்றைத் தனியாக வையுங்கள். உணவில் வழக்கமாகச் சேரும் பூண்டுக்கும் இஞ்சிக்கும் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் மாத்திரையின் அளவு நிர்ணயிக்கப்பட்டதே அந்த உணவோடு சேர்த்துத்தான். கவலை செறிவூட்டிய சாறுகளைப் பற்றியது. ஒரு காப்ஸ்யூலுக்குள் பல வேளைச் சமையலின் சத்து அடைந்து கிடக்கலாம்.

3. மோதல் எந்த வழியில் வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது பயன்படும். பட்டியலில் இல்லாத புதுப் பொருள் நாளை வீட்டுக்குள் வரும்.

முதல் வழி, ஒரே திசையில் இரண்டு பேர் இழுப்பது. மாத்திரை உறைவுக் காரணிகளைக் குறைக்கிறது. மூலிகை தட்டணுக்களை மந்தமாக்குகிறது. பூண்டுச் சாறு, ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாறு, செறிவூட்டிய மஞ்சள், அதிக அளவு மீன் எண்ணெய், சாலிசின் உள்ள வில்லோ மரப்பட்டை எல்லாம் இந்த வகையில் சந்தேகத்துக்குரியவை. இதில் ஒரு பொறி உண்டு: ஐ.என்.ஆர். தட்டணுக்களை அளப்பதே இல்லை. உங்கள் எண் அழகாக 2.4 என்று இருக்கும்போதே, ஈறிலிருந்து ரத்தம் வடியலாம். "ஐ.என்.ஆர். சரியாக இருக்கிறது, ஆகவே மூலிகை பாதுகாப்பானது" என்று முடிவு கட்டுவது இதனால்தான் தவறு.

இரண்டாவது வழி கல்லீரலில். வார்ஃபரின் இரண்டு வடிவ மூலக்கூறுகளின் கலவை; அவற்றில் வீரியமானதை 2சி9 என்று பெயரிடப்பட்ட நொதி சிதைக்கிறது. ரிவரோக்சாபனையும் அபிக்சாபனையும் சிதைப்பதில் 3ஏ4 என்ற நொதிக்குப் பங்குண்டு. இரண்டாம் குடும்பத்து மாத்திரைகள் நான்கையுமே பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற கடத்தி குடலுக்குள் திருப்பித் தள்ளுகிறது. இவற்றை ஒரு மூலிகை தூண்டிவிட்டால் மருந்து வேகமாக வெளியேறும், ரத்தம் கட்டிக்கொள்ளும். தடுத்துவிட்டால் மருந்து தேங்கும், ரத்தம் கசியும்.

மூன்றாவது வழி வைட்டமின் கே. இது முதல் குடும்பத்துக்கு மட்டும். கோதுமைப்புல், குதிரைமசால், கடல்பாசி போன்றவற்றை உலர்த்திய பச்சைப் பொடிகளும், சில பல்வகை வைட்டமின் மாத்திரைகளும் வைட்டமின் கே-யைக் கொண்டுவந்து வார்ஃபரினின் வேலையைக் கலைத்துவிடும். அபிக்சாபன் எடுப்பவருக்கு இதனால் பாதிப்பில்லை. எந்தக் குடும்பம் என்பதை முதல் படியாக வைத்தது இதனால்தான்.

4. உங்கள் பொருளை இந்த வரிசையில் தேடுங்கள்

செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மனச்சோர்வுக்காக எடுக்கப்படும் இந்த மூலிகையில் நான் எந்தச் சமரசத்துக்கும் இடம் தரமாட்டேன். மேலே சொன்ன நொதிகளையும் கடத்தியையும் ஒருசேரத் தூண்டிவிடுகிறது. வார்ஃபரினும் புதிய மாத்திரைகளும் வலுவிழக்கின்றன, டிக்காகிரலோரும் அப்படியே. குளோபிடோக்ரலில் மட்டும் கதை திரும்புகிறது: அது உடலுக்குள் போய் நொதியால்தான் செயல்படும் மருந்தாக மாறுகிறது, ஆகவே நொதி தூண்டப்பட்டால் அதன் வேலை கூடி ரத்தக்கசிவு பக்கம் சாயும். நிறுத்திய பிறகும் இந்தத் தூண்டல் அடங்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்.

டான்ஷென், டாங் குவாய். சீன மருத்துவ மூலிகைகள்; இரண்டும் வார்ஃபரினோடு சேர்ந்து ஐ.என்.ஆரை உயர்த்திய பதிவுகள் உண்டு. தவிர்த்துவிடுங்கள்.

மஞ்சள், குர்குமின். மஞ்சள் சேர்த்த உணவுக்கு எதிராக எனக்கு ஒரு சொல்லும் இல்லை. காப்ஸ்யூல் வேறு. வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் தயாரிப்பு ஒன்றைத் தொடங்கிய சில வாரங்களில் ஐ.என்.ஆர். 10ஐத் தாண்டியது என்று நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான மெட்சேஃப் 2018இல் எச்சரித்தது. மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் எளிதில் உடலில் சேராது என்பதால், பல தயாரிப்புகளில் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பைப்பரின் தன் பங்குக்கு நொதிகளையும் கடத்தியையும் தடுக்கக்கூடியது. "உறிஞ்சப்படும் திறன் அதிகம்" என்ற விளம்பர வாசகத்தை, உங்கள் நிலையில் எச்சரிக்கையாகவே படிக்க வேண்டும்.

பூண்டு காப்ஸ்யூல், ஜின்கோ, இஞ்சிச் சாறு. இந்த மூன்றிலும் ஆய்வகமும் மருத்துவமனையும் ஒரே மாதிரிப் பேசவில்லை. 12 ஆரோக்கியமான ஆண்களிடம் நடத்தி 2005இல் வெளியான சோதனையில் ஜின்கோவும் இஞ்சியும் வார்ஃபரினின் வேலையை மாற்றவில்லை. ஆனால் ஜின்கோ எடுத்தவர்களுக்கு ரத்தக்கசிவு ஏற்பட்ட தனித்தனி நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. பூண்டை அளவுக்கு மீறித் தின்றுவந்த 87 வயது முதியவருக்கு முதுகுத்தண்டில் தானாகவே ரத்தம் கசிந்து தேங்கியதாக 1990இல் ஒரு மருத்துவ அறிக்கை வெளிவந்தது. ஆரோக்கியமான இளைஞர்களிடம் சில நாள் நடந்த சோதனை, பல மருந்துகள் எடுக்கும் எண்பது வயதுக்காரருக்கு உறுதிமொழி ஆகாது. இவற்றால் கிடைக்கும் நன்மையும் பெரிதாக நிரூபிக்கப்படவில்லை என்பதால், துணைமருந்தாக எடுக்காமல் இருப்பதே என் சாய்வு.

ஜின்செங். இது எதிர்த்திசையில் இழுக்கிறது. 2004இல் வெளியான கட்டுப்படுத்தப்பட்ட சோதனையில் அமெரிக்க ஜின்செங் வார்ஃபரினின் வேலையைக் குறைத்தது. ரத்தக்கசிவை மட்டுமே எதிர்பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் இந்த ஆபத்தைக் கவனிப்பதில்லை.

கிரீன் டீ. ஓரிரு கோப்பை பிரச்சினை அல்ல. தினமும் லிட்டர் கணக்கில் குடித்த ஒருவரின் ஐ.என்.ஆர். 3.79இலிருந்து 1.37க்கு இறங்கியதாக 1999இல் பதிவானது.

கெமோமில், அதாவது சீமைச் சாமந்தி. சளிக்காகத் தேநீராகவும் கால் வீக்கத்துக்காகத் தோல் பூச்சாகவும் இதைப் பயன்படுத்திய, வார்ஃபரின் எடுக்கும் 70 வயதுப் பெண் உள் ரத்தக்கசிவுகளோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், ஐ.என்.ஆர். 7.9. இது 2006ஆம் ஆண்டு அறிக்கை. தூங்குவதற்குமுன் ஒரு கோப்பை குடித்த எல்லோருக்கும் இப்படி ஆகிவிடும் என்று பொருளில்லை. ஆனால் "வெறும் தேநீர்" என்ற பிரிவு உங்களுக்கு இல்லை.

கிரான்பெர்ரி. இந்தக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் வார்ஃபரின் எடுத்துவந்த எழுபது வயதைக் கடந்த ஒருவர், நெஞ்சுத் தொற்றுக்குப் பிறகு சரியாகச் சாப்பிடாமல் ஆறு வாரம் கிரான்பெர்ரிச் சாறு குடித்தார். ஐ.என்.ஆர். 50ஐத் தாண்டியது, ரத்தக்கசிவில் இறந்துபோனார். 2003இல் வெளியான இந்தச் செய்தியால் கிரான்பெர்ரி குற்றவாளிக் கூண்டில் ஏறியது. பின்னர் நடந்த சோதனைகளில், மிதமான அளவு சாறு ஐ.என்.ஆரைக் குறிப்பிடும்படி மாற்றவில்லை. அந்த மனிதர் ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தார், உணவே இறங்காத நிலையிலும் இருந்தார். இரண்டுமே தனியாக ஐ.என்.ஆரை உயர்த்தக்கூடியவை. எனக்கு இந்தக் கதை கற்றுத்தருவது கிரான்பெர்ரியைப் பற்றி அல்ல. காய்ச்சல், பசியின்மை, வயிற்றுப்போக்கு, புது ஆன்டிபயாட்டிக் ஆகியவை வந்த வாரத்தில் எந்தத் துணைமருந்தையும் புதிதாகத் தொடங்கக் கூடாது.

மீன் எண்ணெய், வைட்டமின் ஈ. சாதாரண அளவு மீன் எண்ணெயால் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. தினம் மூன்று கிராமுக்கு மேல் ஒமேகா-3 எடுத்தால் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வைட்டமின் ஈ தினம் 400 அலகுக்கு மேல் போனால் வார்ஃபரினின் வேலையைக் கூட்டக்கூடும்.

வெந்தயக் காப்ஸ்யூல், கோஜி பெர்ரி, பப்பாளிச் சாற்று மாத்திரை, ஃபீவர்ஃபியூ ஆகியவற்றின் பெயர்களும் எச்சரிக்கைப் பட்டியல்களில் அடிக்கடி வருகின்றன.

5. லேபிளைப் படியுங்கள், ஆனால் முழுதாக நம்பாதீர்கள்

தாவரத்தின் அறிவியல் பெயர், எந்தப் பாகம் (வேரா, இலையா, விதையா), பொடியா சாறா, ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் ஆகிய நான்கும் வேண்டும். "சிறப்பு மூலிகைக் கலவை" என்று மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால், அதை வைத்து உங்கள் மருத்துவராலோ மருந்தாளுநராலோ எதையும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பாட்டிலைத் திறக்காமல் விடுவதே மேல்.

லேபிளில் இல்லாததும் உள்ளே இருக்கலாம். புரோஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் பெயர்பெற்றிருந்த பிசி-ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகைக் கலவை 2002இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. சோதித்துப் பார்த்தபோது அதில் வேறு மருந்துகளோடு வார்ஃபரினும் இருந்தது.

6. கேட்கும் விதத்தில் கேளுங்கள்

"மூலிகை எடுக்கலாமா?" என்று கேட்டால் "எடுக்காதீர்கள்" என்றுதான் பதில் வரும், அவசரத்தில் இருக்கும் மருத்துவரிடம் வேறு பதில் எதிர்பார்க்க முடியாது. பிறகு நோயாளி சொல்லாமலே எடுப்பார். நான் பார்த்தவரை மறைவு தொடங்கும் இடம் இதுதான். பாட்டிலையோ அதன் இருபுறப் படத்தையோ காட்டி, இப்படிக் கேளுங்கள்: "நான் அபிக்சாபன் 5 மில்லிகிராம் இருவேளை எடுக்கிறேன். மூட்டு வலிக்காக இதைத் தினம் ஒன்று எடுக்க நினைக்கிறேன். இது மருந்தின் அளவை மாற்றுமா, தட்டணுக்களைப் பாதிக்குமா? இந்த வலிக்கு வேறு வழி உண்டா?" கடைசிக் கேள்விதான் முக்கியம். இப்யூபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகளும் ரத்தக்கசிவைக் கூட்டுபவை என்பதால், மூலிகையை விட்டுவிட்டு நீங்களாக அதற்குத் தாவிவிடக் கூடாது.

மருந்தாளுநரிடம் கேட்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். மருந்துகளின் மோதலைச் சரிபார்ப்பது அவர்களுடைய தினசரி வேலை.

7. அனுமதி கிடைத்தால்

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். தொடங்கிய தேதி, தயாரிப்பின் பெயர், அளவு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பாதியில் வேறு தயாரிப்புக்கு மாறினால் அதையும் புதிய தொடக்கமாகவே எழுதுங்கள்; ஒரே பெயரில் வரும் இரண்டு சாறுகள் ஒன்றாக இருப்பதில்லை.

வார்ஃபரின் எடுப்பவர்கள் மறுநாளே ஐ.என்.ஆர். பார்த்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். இரண்டாம் காரணியின் அளவு பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். மாற்றம் முழுமையாகத் தெரிய ஒரு வாரம் பிடிக்கும். பொதுவாக ஒரு வாரத்துக்குள் ஒரு பரிசோதனை, பிறகு எண் நிலைக்கும்வரை வாரம் ஒன்று. சரியான இடைவெளியை உங்கள் மருத்துவர் சொல்வார்.

8. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால்

இதைப் படித்துவிட்டுப் பதறிப்போய் இன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். பல மாதங்களாகச் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் எடுத்துவந்த ஒருவரின் வார்ஃபரின் அளவு, அதை ஈடுகட்டும் விதமாக உயர்த்தப்பட்டிருக்கும். மூலிகையை மட்டும் நிறுத்தினால், அடுத்த இரண்டு வாரத்தில் அதே வார்ஃபரின் அளவு மிகையாகி ரத்தம் கசியும். சொல்லிவிட்டு, பரிசோதனைத் தேதியைக் குறித்துக்கொண்டு நிறுத்துங்கள். மறுபுறம், நேற்றுத் தொடங்கியதை இன்று விட்டுவிடலாம். தகவல் மட்டும் சொல்லுங்கள்.

மருத்துவர் எழுதிய மாத்திரையை ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். "மூலிகையே அந்த வேலையைச் செய்கிறதே" என்ற எண்ணம் உயிருக்கு உலை வைப்பது. அபிக்சாபன் போன்றவற்றின் வேலை ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். அதன்பின் பக்கவாதத்துக்கும் உங்களுக்கும் நடுவே எந்தத் தடுப்பும் இல்லை.

9. அறுவை சிகிச்சை, பல் பிடுங்குதல்

தேதி முடிவானவுடனே துணைமருந்துகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உறைவுத் தடுப்பு மாத்திரையை எப்போது நிறுத்துவது, நிறுத்துவதா என்பதை அறுவை மருத்துவரும் மாத்திரை எழுதியவரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

10. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், தார்போல் கறுத்த மலம், சிவந்த அல்லது பழுப்பு நிறச் சிறுநீர், காப்பித்தூள் போன்ற வாந்தி, காரணமில்லாமல் தோன்றிப் பெரிதாகும், ரத்தம் கன்றிய திட்டுகள், இதுவரை அனுபவித்திராத தலைவலி: இவை ரத்தக்கசிவின் அடையாளங்கள். வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், திடீர் மூச்சிரைப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவை மறுபக்கம், அதாவது மருந்து வலுவிழந்து ரத்தம் கட்டியதற்கான அடையாளங்கள்.

தலையில் அடிபட்டால், எழுந்து நடமாட முடிந்தாலும், வலியே இல்லாவிட்டாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மண்டைக்குள் கசியும் ரத்தம் பல மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டிக்கொள்ளும். வார்ஃபரினுக்கு ஒரு முறிவு மருந்து, டாபிகாட்ரானுக்கு வேறொன்று என்பதால், அங்கே முதலில் கேட்பது மாத்திரையின் பெயரைத்தான். மாத்திரை அட்டையோடு மூலிகை பாட்டிலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கேட்காவிட்டாலும் எடுத்து மேசைமேல் வையுங்கள்.